பழைய காரின் புதிய குரல்

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிறிது விளையாட்டுத்தனமாகத் தோன்றக்கூடும். மேல்நாட்டார் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என வழங்கும் இருவர் வண்டி ஒன்றை, அதுவும் முப்பது ஆண்டுகள் கடந்த வண்டியை, வைத்திருக்கும் ஒருவர் அதன் கதவுகளிலே தொழிற்சாலையார் பொருத்திய ஒலிபெருக்கிகளை எடுத்துவிட்டு நல்லனவற்றை வைக்க விரும்புகின்றார். இதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமோ என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கலாம். ஆனால் இச்சிறு வேலைக்குள்ளே பாடசாலையிற் படிக்கும் பௌதிகவியல் நிரம்ப அடங்கியிருக்கின்றது. அதை எண்ணாமற் கையில் அரத்தையும் துளைக்கருவியையும் எடுப்பவர், இனிப் புதிதாய்க் கிடைத்தற்கரிய கதவொன்றைப் பாழாக்கிவிடுவதும், தம் செவிகளுக்கே தீங்கு தேடிக்கொள்வதும் உண்டு. ஆகையால் அன்பர்கள் சற்றே பொறுமையுடன் எம்முடன் வருவார்களாக.

வண்டிகள் பலவாயினும் ஒன்றை எடுத்துப் பேசுவதே தெளிவு. யப்பான் நாட்டு மாஸ்டா கொம்பனியார் 1989 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் சிக்காகோ நகரத்து மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வெளிப்படுத்திய எம்.எக்ஸ்-5 என்னும் சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ‘மியாற்றா’ என்றும், யப்பானில் ‘யூனோஸ் ரோட்ஸ்டர்’ என்றும் பெயர் பெற்றது இது. இருவர் அமர இடம், மடித்துப் பின்னே தள்ளக்கூடிய துணிக்கூரை, ஏறக்குறைய 950 கிலோகிராம் எடை; அவ்வளவே. முதலாம் வகை 1997 வரையில் உற்பத்தியாயிற்று. அதன் வழிவந்தவற்றையும் சேர்த்து 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. இன்று அம்முதல் வகை வண்டிகளுக்கு மதிப்பு ஏறியிருக்கின்றது. 2017 இல் மாஸ்டா கொம்பனியாரே யப்பானில் இவற்றைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் திட்டமொன்றை அறிவித்து, துணிக்கூரை, மரச்சுக்கான், அக்காலத்து அமைப்பிலான ரயர் முதலியவற்றை மீண்டுஞ் செய்விக்க முற்பட்டனர். செய்தவரே பழைய உருவைக் காக்க முயலும் வண்டியிலே, வாங்கியவர் கண்டபடி துளையிடலாமா என்பது யோசிக்கத்தக்கது.

இவ்வண்டியை வைத்திருப்போர் பொதுவாகச் சொல்லும் குறை ஒன்று: “றேடியோ, கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோலப் பேசுகின்றது, பாட்டின் தாளமே கேட்பதில்லை.” உடனே கடைக்குப் போய், பெட்டியின்மேல் எது பெரிய இலக்கத்தில் ‘வாற்’ என்று அச்சிட்டிருக்கின்றதோ அதையே வாங்கி வருகின்றனர். பொருத்திப் பார்த்தாற் சத்தம் பெருகுகின்றது, இனிமையோ பெருகுவதில்லை. நாம் கண்டமட்டில், இத்தகைய வண்டியில் மூன்று குற்றவாளிகள் உளர். முதுமையடைந்த கூம்பு ஒன்று. ஓட்டை நிறைந்த கதவு மற்றொன்று. மேலே திறந்த வானத்திலிருந்து வீசும் காற்று இன்னொன்று. வாற் குறைவென்பது இவற்றுக்கெல்லாம் பின்னே, வரிசையின் கடைசியிலே நிற்பது.

முதலில் ஒலிபெருக்கி என்னும் கருவியைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ரிக் கொம்பனியைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பே, நூறாண்டு கடந்தும் பெரிய மாற்றமின்றி நம் கதவுகளில் இருக்கின்றது. நிலைக்காந்தத்தின் இடைவெளியிலே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகின்றது. சுருளில் ஆடலோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் உதைக்கப்படுகின்றது. சுருளோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளியும் இழுத்தும் ஒலியாக்குகின்றது. கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைப்பது நெகிழ்ச்சியுள்ள வளையம். இவ்வளையமும் கூம்புமே காலத்துக்கு முதலில் இரையாகின்றன. அக்காலத்துத் தொழிற்சாலை ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை கடதாசிக் கூம்பு உடையவை. கடதாசி நல்ல பொருள். இலேசானது, குரலுக்கு இனியது. ஆனால் ஈரத்தை விரும்பிக் குடிப்பது. வளையம் நுரைப்பஞ்சாய் இருப்பின் பதினைந்து இருபது ஆண்டுகளிற் பொடிந்து உதிர்வது அதன் விதி.

கதவுக்குள் ஈரம் எப்படி வந்தது என்று மாணவர் வினவலாம். கார்க் கதவு நீர் புகாத பெட்டியென்று நாம் நினைப்பது தவறு. கண்ணாடி இறங்கி ஏறும் பிளவின் வழியே மழைநீர் உள்ளே இறங்கவே செய்யும். அது வெளியேறுவதற்காகக் கதவின் அடியிலே துவாரங்கள் விடப்பட்டுள்ளன. உள்ளே வழியும் நீர் இருக்கையின் பக்கம் வராமல் தடுப்பது, கதவின் உட்தகட்டுக்கும் அலங்காரப் பலகைக்கும் இடையே ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாள். முப்பது ஆண்டுகளில் எவரோ ஒருவர் கண்ணாடிப் பொறியைப் பழுதுபார்க்க அத்தாளைக் கிழித்திருப்பார்; மீண்டும் ஒட்டியிருக்கமாட்டார். ஒலிபெருக்கியின் முதுகோ அந்த ஈரமான அறைக்குள்ளேதான் இருக்கின்றது.

பழையதை வீசுமுன் அதைச் சோதித்தறிதல் நன்று. கூம்பின் நடுவை இரு பெருவிரல்களால் மெல்லச் சமமாய் அழுத்தினால், உராய்வின்றி உள்ளே போய் மீளவேண்டும். மண் அரைபடுவது போன்ற ஓசை கேட்டால் சுருள் காந்தத்தில் உரசுகின்றது, அதற்கு மருந்தில்லை. பல்மானியை வைத்துத் தடையை அளந்தால், ‘4 ஓம்’ என்று குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி 3 ஓமுக்குச் சற்று மேலாகக் காட்டும். அது இயல்பே; குறிப்பில் உள்ளது ஆடலோட்டத் தடங்கல், மானி அளப்பது நேரோட்டத் தடை. மானி அசையவேயில்லையெனிற் சுருள் அறுந்தது என்க.

இனிக் கதவு. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். கூம்பு முன்னே காற்றை அழுத்தும் அதே கணத்தில், பின்னே காற்றை ஐதாக்குகின்றது. முன்னிருந்து புறப்படும் அலையும் பின்னிருந்து புறப்படும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றிச் சந்தித்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். தாழ்ந்த சுருதிகளுக்கே இந்த ஆபத்து அதிகம். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர்; ஆகவே 100 மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர். இத்துணை நீண்ட அலைக்கு ஒரு சாண் அகலமான ஒலிபெருக்கியைச் சுற்றி வருவது ஒரு பொருட்டல்ல. உயர்ந்த சுருதிகளோ சில சென்ரிமீற்றர் அலைநீளமே உடையவை. அவை நேரே முன்னோக்கிச் சென்றுவிடும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய றேடியோவொன்றின் ஒலிபெருக்கியைக் கழற்றி, கம்பி அறாமல், கையிற் பிடித்துப் பாட்டைக் கேளுங்கள். தகரத்திலே தட்டியதுபோலச் சன்னமாக ஒலிக்கும். பின்பு பெரிய அட்டையொன்றின் நடுவிலே கூம்பின் அளவுக்கு வட்டமாய் வெட்டி, அத்துளையின்மேல் ஒலிபெருக்கியை இறுக்கி வையுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப்பக்கம் திடீரென்று உயிர்பெற்று ஒலிக்கும். மின்சாரம் ஒரு துளியும் கூடவில்லை. முன் அலையும் பின் அலையும் சந்திக்கும் வழி நீண்டது; அவ்வளவே.

காரின் கதவு அந்த அட்டையின் வேலையைச் செய்யவேண்டியது. ஆனால் எம்.எக்ஸ்-5 வண்டியின் அலங்காரப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், உட்தகட்டிலே தொழிலாளியின் கை நுழைவதற்காக வெட்டிய பெரிய வாய்கள் தெரியும். அவற்றை மூடியிருப்பது அந்தக் கிழிந்த பிளாஸ்ரிக் தாள் ஒன்றே. எத்துணை விலையுயர்ந்த ஒலிபெருக்கியை அங்கே வைத்தாலும், அது கையிற் பிடித்த ஒலிபெருக்கியின் கதியையே அடையும். ஆகவே பணத்தின் முதற்பகுதியைக் கதவிலே செலவிடுக. பியூற்றைல் றப்பர் பூசிய அலுமினியத் தாள் இதற்கெனவே விற்கப்படுகின்றது. பெரிய வாய்களைப் பழைய தாளின் இடத்திலே இதனால் மூடி, வெளித்தகட்டின் உட்புறத்திலும் சில துண்டுகளை ஒட்டினால், கதவை மூடும் ஓசையே மாறிவிடும். பேணி மூடியதுபோன்றிருந்தது, மரப்பெட்டி மூடியதுபோலாகும். ஒட்டுமுன் தகட்டை மதுசாரத்தாற் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்கவேண்டும். கண்ணாடியும் அதன் பொறியும் இயங்கும் வழியைத் தடுத்தல் கூடாது. அடியிலுள்ள நீர்த் துவாரங்களை எக்காரணங்கொண்டும் அடைக்கலாகாது. அடைத்தால் கதவு ஓராண்டுக்குள்ளே உள்ளிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். எல்லாவற்றையும் அடைப்பதே நன்றென்று நினைத்து இதைச் செய்வோர் உளராதலின் அழுத்திச் சொல்கின்றோம்.

இவ்வளவுஞ் செய்தபின் சிலர் பழைய ஒலிபெருக்கியையே திரும்பப் பொருத்தி, இது போதுமே என்று திருப்தியடைவதுண்டு. கூம்பு நலமாயிருப்பின் அதுவும் தகும். புதியது வேண்டுமெனில் தெரிவில் மூன்று விஷயங்களைப் பார்த்தாற் போதும்: ஆழம், உணர்திறன், தடங்கல்.

இவ்வண்டியின் கதவு ஒலிபெருக்கி ஏறத்தாழ 16.5 சென்ரிமீற்றர் அளவினது. அகலம் பொருந்தினாலும் ஆழம் பொருந்துமென்று சொல்லமுடியாது. பெரிய காந்தமுடையதை உள்ளே வைத்தாற் கண்ணாடிப் பொறி அதில் முட்டும். ஆகையாற் திருகாணியை முடுக்குமுன் கண்ணாடியை முழுவதும் இறக்கி, இடைவெளியை அளந்துகொள்க. சற்று வெளியே தள்ளிப் பொருத்த இடைவளையம் வேண்டியிருக்கும். அட்டைமரத்தில் வெட்டிய வளையம் மலிவானதாயினும் ஈரங்குடித்து ஊதிவிடும். பிளாஸ்ரிக் வளையமே இங்கு ஏற்றது. கூம்பும் பொலிபுறோப்பிலீன் போன்ற நீர் ஏற்காத பொருளாயும், விளிம்பு றப்பராயும் இருத்தல் நலம். கடதாசியின் இனிமை எமக்கும் விருப்பமே. திறந்த கூரை வண்டிக்கு அது ஆகாது.

உணர்திறன் என்பது, ஒரு வாற் வலுவை ஊட்டி ஒரு மீற்றர் தூரத்தில் அளக்கும்போது கிடைக்கும் ஒலியின் அளவு. ஒன்று 86 டெசிபெல்லும் மற்றொன்று 92 டெசிபெல்லும் ஆயின் வேறுபாடு ஆறுதானே என்று எண்ணவேண்டாம். மூன்று டெசிபெல் கூடுதற்கு வலு இரட்டிக்கவேண்டும். ஆறு கூடுதற்கு நான்கு மடங்காகவேண்டும். றேடியோவோ தன் முகத்தில் ‘50 வாற்’ என்று எழுதியிருப்பினும், உண்மையிற் தருவது அதன் பாதியையும் எட்டாது. கணக்குச் செய்து பாருங்கள். இயந்திரம் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ற். பற்றரியிலிருந்து நேரே இயங்கும் பெருக்கி ஒன்று தரக்கூடிய அலையின் உச்சமும் அதுவே. 4 ஓம் தடங்கலில், 14ஐ 14ஆற் பெருக்கி 8ஆல் வகுத்தால் 24.5 வாற் வரும். இடையில் வீணாவது போக எஞ்சுவது இன்னுங் குறைவு. ஆகவே, ‘300 வாற் தாங்கும்’ என்னும் அச்செழுத்தால் நமக்கு யாதொரு பயனுமில்லை; தாங்குந்திறன் வேறு, ஒலிக்குந்திறன் வேறு. பழைய றேடியோவை வைத்துக்கொண்டே வேலை செய்வோர் உணர்திறன் மிக்கதையே தேடவேண்டும். தடங்கல் 4 ஓமாக இருக்கட்டும். 2 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் மின்னோட்டம் இரட்டித்துப் பழைய பெருக்கி சூடேறி எரிந்துபோகக்கூடும்.

இவ்வண்டியைச் செய்தவர்களின் புத்திசாலித்தனம் ஒன்றை இங்கே பாராட்டாமற் செல்ல மனம் வரவில்லை. இவற்றுள் ஒரு பகுதி வண்டிகளில் இருக்கையின் தலையணைக்குள்ளேயே, காதுக்கு அணித்தாக, சிறு ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். கூரையற்ற வண்டியில் ஒலி சுவரிற் பட்டுத் திரும்புவதற்குச் சுவரே இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலிச்செறிவு காற்பங்காகும். கதவிலுள்ளது காதுக்கு 80 சென்ரிமீற்றர் தூரம், தலையணையிலுள்ளது 20 சென்ரிமீற்றர் என்று கொண்டால், ஒரே அளவு வலுவுக்குச் செறிவு பதினாறு மடங்கு, அதாவது 12 டெசிபெல் மிகுதி! சிறியனவாதலால் அவற்றிற் தாளவொலி வராது. பாடுவோர் குரலும் பேச்சும் தெளிவாய் வரும். இக்காலத்து அன்பர்கள் பலர் இவற்றை அற்பமென்று அறுத்தெறிகின்றனர். எமது அபிப்பிராயத்தில் முதலிற் புதுப்பிக்கவேண்டியவை இவையே. பின்புறத்தில் எழுதியுள்ள தடங்கலைக் குறித்துக்கொண்டு, அதே அளவுள்ளதை வாங்குக.

காற்றைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். செவிக்கு வரும் தீங்கு இங்கேதான். கூரையைத் திறந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது காற்றின் இரைச்சல் தாழ்ந்த சுருதிகளிலேயே மிகுந்திருக்கும். ஓர் ஒலி தன் சுருதியையொத்த மற்றோர் ஒலியை மறைப்பது செவியின் இயல்பாதலால், பாட்டின் தாளப்பகுதியே முதலிற் காணாமற் போகின்றது. அதை மீட்கவேண்டுமென்று ஓட்டுபவர் ஒலியைக் கூட்டுகின்றார்; காற்று வெல்கின்றது; மீண்டும் கூட்டுகின்றார். அமெரிக்கத் தொழில்நலத்துறை ஆய்வகத்தார் வகுத்த வரம்பின்படி 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் கேட்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணித்தியாலம்; 100இற் கால் மணித்தியாலமே. உட்செவியில் அதிர்வை உணரும் நுண்மயிர்க் கலங்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒலிபெருக்கியைக் கடையில் வாங்கலாம். இக்கலங்களை எக்கடையிலும் வாங்கவியலாது. மேலும் பின்னே வரும் அம்புலன்ஸ் வண்டியின் ஊதலொலியும் ஓட்டுநரின் காதுக்கு எட்டவேண்டுமன்றோ?

ஆகையால் டிக்கியை நிறைக்கும் பெருந்தாளப் பெட்டியையும் அதற்குரிய பெருக்கியையும் ஏற்றும்படி நாம் எவருக்குஞ் சொல்லமாட்டோம். 950 கிலோகிராம் வண்டிக்கு இருபது முப்பது கிலோ கூடுதற் சுமை சிறிதன்று; அது தன் இலேசான நடைக்காகவே விரும்பப்படுவது. கூரை திறந்து வேகமாய்ச் செல்லும்போது இயந்திரத்தின் இசையைக் கேட்கலாம். கூரையை மூடியோ, ஊருக்குள் மெதுவாகவோ செல்லும்போது பாட்டைக் கேட்கலாம். அந்த வேகத்தில், அடைத்த கதவும் உணர்திறன் மிக்க ஒலிபெருக்கியும் தரும் தாளம் தாராளமாய்ப் போதும்.

வேலை தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுக. இவ்வண்டியில் பற்றரி இருப்பது டிக்கிக்குள்ளே. கதவின் அலங்காரப் பலகையைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் கவ்விகள் முதுமையால் உடையும். ஒரு பிடி புதியவற்றை முன்னரே வாங்கி வைத்துக்கொள்வது விவேகம். தொழிற்சாலைக் கம்பியின் நுனியிலுள்ள செருகியை வெட்டவேண்டாம். ஒருபுறம் பழைய செருகிக்கும் மறுபுறம் புதிய ஒலிபெருக்கிக்கும் பொருந்தும் இடைக்கம்பிகள் மலிவாய் விற்கப்படுகின்றன. பழைய ஒலிபெருக்கிகள் செத்தவையாயினும் ஒரு பெட்டியிலிட்டு, எந்த வண்டியின் எந்தக் கதவு என்று எழுதி வைத்துக்கொள்க. கூம்பை மாற்றித் தரும் கைவினைஞர் உளர். நாளை வண்டியை வாங்குபவர் அப்பெட்டியைக் கண்டு மகிழவுங் கூடும்.

முனைவு பிழைத்தல் ஒரு சாதாரண விபத்து. ஒரு கதவில் நேராகவும் மறு கதவில் மாறாகவும் கம்பி இணைந்தால், ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கும்; தாளவொலி மறைந்துபோகும்; பாடகர் எங்கிருந்து பாடுகின்றார் என்றே தெரியாது. சாதாரண 1.5 வோல்ற் மின்கலமொன்றின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனைக்கும், எதிரை எதிருக்கும் கணப்பொழுது தொட்டால், கூம்பு முன்னே துள்ளவேண்டும். இரண்டும் ஒரே பக்கம் துள்ளினாற் சரி. பொருத்தியபின் வானொலிச் செய்தியொன்றை வைத்துக் கேட்பது மிக நல்ல சோதனை. வாசிப்பவர் குரல் இரு கதவுகளுக்கும் நடுவே, கண்ணாடிக்கு நேரே நின்று பேசவேண்டும்.

கதவை அடைக்கும் முறை எம்.எக்ஸ்-5க்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுத் தெருக்களில் ஓடும் பழைய யப்பானியக் கார்களின் கதவுகளும் இவ்வாறே அமைந்தவை. கரையோர ஊர்களின் உப்புக்காற்றோ யப்பான் மழையினும் கொடியது. எனவே வேலை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள், கதவின் கீழ் விளிம்பைக் கையாற் தடவிப் பாருங்கள். அடித்துவாரங்களில் நீர் சொட்டியிருந்தால் எல்லாம் ஒழுங்கே. காலடி விரிப்பு நனைந்திருந்தால், தாளின் கீழோரம் ஓரிடத்தில் ஒட்டவில்லை. பலகையைத் திரும்பக் கழற்றி, அந்த ஓரத்தைத் துடைத்து உலர்த்தி ஒட்டிவிடவேண்டும்.